இரட்டைக்குழலா, போல்ட் ஆக்‌ஷனா?



யானை, புலிக்கு இரட்டைக்குழல் ரைபிள் உசத்தியா, போல்ட் ஆக்‌ஷன் உசத்தியா என்று நம்ம குடும்பக் குழுவில் நாலு நாளாகச் சண்டை. "தோட்டத்துல யானை எறங்குது, நம்மகிட்டயும் ஒண்ணு இருந்தா..." என்று ஒரு மாப்பிள்ளை இழுத்ததும் நாற்பது பேர் கை தட்டுகிறீர்கள். வாத்தியாருக்குக் கை ஊறுமா ஊறாதா?

முதலில் துப்பாக்கிக் கணக்கையே பார்ப்போம். போல்ட் ஆக்‌ஷனில் ஒரு தோட்டா போனால் கைப்பிடியைத் தூக்கணும், இழுக்கணும், தள்ளணும், இறக்கணும். உண்ணிச்செடிப் புதரில் இருபது அடிக்குள் பாய்கிற மிருகம் அதுவரை காத்திருக்காது. இரட்டைக்குழலுக்கு இரண்டு விசை. கண்ணை எடுக்காமல் அடுத்த குண்டு போய்விடும். ஆகவே நெருக்கத்தில் இரட்டைக்குழல்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் எடை ஐந்து கிலோ பக்கம். லண்டன் கடையில் புதிதாக ஒன்று வாங்குகிற காசுக்கு இங்கே தோட்டமே வாங்கலாம். "மேகசின்ல அஞ்சு தோட்டா இருக்குங்க சார்" என்கிறான் ஒருவன். சரி கண்ணு, ரெண்டாவது தோட்டா போவதற்குள் நீ இருக்கணுமே!

பெல் என்ற வெள்ளைக்காரர் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேல் யானைகளைச் சுட்டார். பெரும்பாலும் சிறு குண்டு போல்ட் ஆக்‌ஷனால்தான். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே என்று படித்தவர் அவர். நீங்கள் படித்தது யூடியூப்.

இப்போது யாரும் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். 1907இல் ஜிம் கார்பெட் சம்பாவத் பெண்புலியைச் சுட்டார். 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. கையில் இருந்தது இரட்டைக்குழல், கொண்டுபோனது மூன்றே தோட்டா. மூன்றும் தீர்ந்தும் புலி சாகவில்லை. ஓடிப்போய்த் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கித்தான் முடித்தார். செத்த புலியின் வாயைப் பார்த்தால் வலப்பக்கக் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட குண்டு. மான் பிடிக்க முடியாமல் மனுசனைப் பிடித்த புலி அது. 436 பேருக்கும் எமன், குறி தப்பிய ஒரு வேட்டைக்காரன்.

எந்த ரைபிள் என்று கேட்கிறவர்கள், பாதி அடிபட்ட மிருகம் அடுத்து யார் தோட்டத்துக்குப் போகும் என்று ஏன் கேட்பதில்லை?

2021இல் மசினகுடியில் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலியைச் சுடத்தான் முதலில் உத்தரவு. சென்னை உயர்நீதிமன்றம் கொல்ல வேண்டாம் என்றது. மூன்று வாரம் அலைந்து, அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். 2019இல் நம்ம தடாகத்துச் சின்னத்தம்பியும் அப்படித்தான். டாப்சிலிப்பில் விட்டும் திரும்பி உடுமலைக் கரும்புக்காட்டுக்கு வந்தான். மறுபடி ஊசி, கும்கி, வரகளியாறு. இழப்பு விவசாயிக்குத்தான், மறுக்கவில்லை. நஷ்டஈடு சீக்கிரம் கொடு, கால்நடை மருத்துவரைக் கூட்டு என்று கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்காருங்கள், நானும் வருகிறேன்.

ஆனால் காட்டுப்பன்னிக்கென்று அவுட்டுக்காய் வைக்கிற சொந்தக்காரர்களே, அதைக் கடித்து வாய் கிழிந்த யானை தின்ன முடியாமல் நாள்கணக்கில் நின்று சாகிறது. சம்பாவத் புலிக்கு நடந்ததும் வாயில்தான். இந்த வாரமே எடுத்துவிடுங்கள். கல்யாண வீட்டில் பார்க்கும்போது நேராகவே கேட்பேன்.