இருபத்தைந்து பிளாக்கில் ஒரு மஞ்சள் டாக்ஸி

ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிற நம் குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளையோடு உட்கார நேரம் இல்லையா, ஒரு பெரிய பெட்டியை வாங்கிக் கொடுத்து ஈடு கட்டிவிடுவோம். மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, ஆடிட், இன்ஸ்பெக்‌ஷன் என்று ஓடுகிற என் போன்ற வங்கிக்காரர்கள் வீட்டில் இது கொஞ்சம் அதிகம். பொம்மைக் கடையில் நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய்க்குப் பந்தய கார் பெட்டி இருக்கிறது. உள்ளே நூற்றுக்கணக்கான துண்டுகள், கூடவே ஒரு புத்தகம். அதில் போட்டிருக்கிற வரிசைப்படி அடுக்கினால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் கார் ரெடி. திங்கட்கிழமை முதல் அது ஷோகேஸில். அப்புறம் தூசி தட்டுவது தங்கமணியின் வேலை.

என் கட்சி இதுதான் மக்களே: பிள்ளைக்குப் பெரிய பெட்டி வேண்டாம். கொஞ்சம் பிளாக், நாலு சக்கரம், "இதில் ஒரு வண்டி செய்" என்று ஒரு வார்த்தை. இது போதும். செலவு குறையும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை (அதுவும் ஒரு காரணம்தான், மறைப்பானேன்?).

பி.காம். முதல் வருடத்தில் பொருளாதாரம் படித்தவர்களுக்கு லயனல் ராபின்ஸ் ஞாபகம் இருக்கும். தேவைகள் பல, வசதிகள் கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தையும் பல விதமாகப் பயன்படுத்தலாம். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் பொருளாதாரம் என்று அவர் எழுதிய புத்தகம் வந்தது 1932ல். அதே 1932ல், உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்தபோது, டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சின்ன ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் வேலை இல்லாமல் மரப் பொம்மை செய்ய ஆரம்பித்தார். அதுதான் பிற்பாடு லெகோ ஆனது. இன்று நாம் பார்க்கிற, ஒன்றுக்குள் ஒன்று இறுகப் பிடிக்கிற பிளாஸ்டிக் பிளாக்குக்கு 1958ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். ராபின்ஸுக்கும் தச்சருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் கையளவு பிளாக்கோடு உட்கார்ந்திருக்கிற குழந்தையைப் பார்த்தால் எனக்கு அந்தப் பாடம்தான் ஞாபகம் வருகிறது. இருப்பு 25. ஓவர்டிராஃப்ட் கிடையாது. எதற்குச் செலவழிக்கப் போகிறாய்?

"கொஞ்சம் பிளாக்கில் என்ன பெரிசா செஞ்சிட முடியும்?" என்று கேட்பீர்கள். எட்டுக் குமிழ் வைத்த சாதாரண பிளாக், ஒரே நிறத்தில் இரண்டே இரண்டு எடுத்தால் 24 விதமாகச் சேர்க்கலாம். மூன்று என்றால் 1,060 விதம். ஆறு என்றால் 91,51,03,765 விதம். சோரன் ஐலர்ஸ் என்ற டென்மார்க் கணிதப் பேராசிரியர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்த கணக்கு இது. ஆறு பிளாக்குக்கே தொண்ணூற்றொரு கோடி! ஆக, துண்டு போதாது என்ற கவலை வேண்டாம்.

இப்போது நான் இருக்கிற கல்கத்தாவுக்கு வருவோம். லேக் மார்க்கெட் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. காப்பிப்பொடி, அப்பளம், மல்லிகைப்பூ எல்லாம் கிடைக்கும். வெளியே வந்தால் மஞ்சள் அம்பாசடர் டாக்ஸி. 2014ல் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் தயாரிப்பு நின்றுவிட்டது, இருப்பதும் வருடா வருடம் குறைகிறது. அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்பாசடர் சுமார் 4.3 மீட்டர் நீளம், 1.66 மீட்டர் அகலம், 1.6 மீட்டர் உயரம். பிளாக்கில் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் 8 மில்லிமீட்டர். வண்டியை நான்கு குமிழ் அகலமாக வைத்தால் 32 மில்லிமீட்டர், அதாவது நிஜ வண்டியில் ஏறக்குறைய 52ல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் நீளம் 83 மில்லிமீட்டர், பத்துக் குமிழ். உயரம் 31 மில்லிமீட்டர். ஒரு பிளாக் 9.6 மில்லிமீட்டர், ஆக சக்கரத்தோடு சேர்த்து மூன்று அடுக்குதான். எங்கள் வீட்டு வாண்டுக்கு ஒன்பது வயது. விகிதக் கணக்கு என்றால் முகம் சுளிக்கிறவள், இதற்கு மட்டும் பென்சிலும் ஸ்கேலும் அவளாகவே எடுத்து வருகிறாள்.

கணக்கு முடிந்த பிறகுதான் நிஜமான சிக்கல். அம்பாசடர் முழுக்க வளைவு, பிளாக் முழுக்க சதுரம். கதவு வைக்க இடமில்லை, விளக்கு வைத்தால் கூரைக்குத் துண்டு போதாது. எதை விடுவது, எதை வைப்பது? கடைசியில் மிஞ்சுவது மூன்றே விஷயம்: மஞ்சள் நிறம், முன்னும் பின்னும் தாழ்வு, நடுவில் மேடு. இந்த மூன்றும் இருந்தால் கல்கத்தாவில் யாரிடம் காட்டினாலும் டாக்ஸி என்பார்கள். நூறு விவரத்தில் எந்த மூன்று முக்கியம் என்று கண்டுபிடிக்கத் தெருவில் நின்று உற்றுப் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் வருகிற புத்தகத்தில் அந்த வேலையை வேறு யாரோ முன்னாடியே செய்து முடித்துவிட்டார்கள்.

ஆட்டோ இன்னும் கஷ்டம். சக்கரம் எல்லாம் ஜோடியாக வரும், ஆட்டோவுக்கு முன்னால் ஒன்றுதான். ஒற்றைக் குமிழ் வட்டத் துண்டு ஒன்றை முன்னால் நடுவில் ஒட்டித் தப்பிக்கலாம். "சென்னையில மஞ்சள், இங்க ஏம்ப்பா பச்சை?" என்ற கேள்வி அப்போது தானாக வரும்.

நமக்கு இதில் ஒரு தனி லாபம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் என்று அலைகிற வீட்டில் பிள்ளைகளுக்கு எந்த ஊரும் ஒட்டுவதில்லை. பள்ளியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, வீட்டில் தமிழ். "உங்க ஊர் எது?" என்று கேட்டால் முழிப்பார்கள். இருக்கிற ஊரைக் கவனிக்கக் காரணம் இருந்தால்தானே அது மனதில் நிற்கும்? பெட்டியில் வருகிற பந்தய கார் எந்த ஊருக்கும் சொந்தமில்லை. மஞ்சள் டாக்ஸி கல்கத்தாவுக்குச் சொந்தம். அதைச் செய்தவளுக்கும் கல்கத்தாவில் கொஞ்சம் பாத்தியதை வந்துவிடுகிறது.

தாத்தா பாட்டியோடு பேசுவதற்கும் இது உதவுகிறது. "சாப்டியா, படிக்கிறியா" என்ற இரண்டு கேள்வியோடு முடிகிற வீடியோ கால் எல்லார் வீட்டிலும் உண்டு. ஒரு நாள் இவள் நீளமாக, முகம் தட்டையாக, கூரையில் ஒரு கம்பு வைத்து ஒன்றைச் செய்து காட்டி "என்னன்னு சொல்லுங்க தாத்தா" என்றாள். எண்பது வயது அப்பா கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டு "ட்ராம்டி கண்ணு! மெட்ராஸ்ல நானே போயிருக்கேன்" என்றார். 1895ல் தொடங்கிய மெட்ராஸ் ட்ராம் 1953ல் நின்றபோது அவருக்கு எட்டு வயது. அன்று பேச்சு முக்கால் மணி நேரம். கல்கத்தா ட்ராமையும் ஒரு சின்னப் பாதையோடு நிறுத்திக்கொள்வதாக 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தபோது, பேத்தியை விட அதிகம் வருத்தப்பட்டவர் அவர்தான்.

பெரிய பெட்டியே தப்பு என்று சொல்ல வரவில்லை. படத்தைப் பார்த்துப் பொறுமையாக அடுக்குவதும் ஒரு படிப்புதான். பெரிய கியர் வண்டி எப்படி ஓடுகிறது என்பது 25 துண்டில் வராது. ஆனால் நம் பிள்ளைகளுக்குச் சொன்னதைச் செய்கிற பயிற்சி பள்ளியில், டியூஷனில், கோச்சிங்கில் தாராளமாகக் கிடைக்கிறது. சொல்லாததைச் செய்கிற பயிற்சிக்குத்தான் பஞ்சம். வங்கிக்கு வருகிற புது ஆபீசர்களிடமும் பார்க்கிறேன்: சர்க்குலர் இருந்தால் சூரப்புலி, சர்க்குலரில் இல்லாத ஒரு வாடிக்கையாளர் வந்தால் பேந்தப் பேந்த முழிப்பு.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு எங்கள் வீட்டு விதிகள்:

1. 25 துண்டு. சக்கரம் கணக்கில் வராது.
2. அந்த வாரம் நேரில் பார்த்த வண்டியாக இருக்க வேண்டும்.
3. பெயர் சொல்லக் கூடாது. பார்க்கிறவர் கண்டுபிடிக்க வேண்டும்.
4. போட்டோ எடுத்ததும் பிரித்துவிட வேண்டும். அடுத்த வண்டிக்கு அதே துண்டுகள்தான்.

லெகோதான் வேண்டும் என்றும் இல்லை. பொம்மைக்கான இறக்குமதி வரி 2020ல் 20லிருந்து 60 சதவீதம், 2023ல் 70 சதவீதம் என்று ஏறியது. விலை கடிக்கத்தான் செய்யும். அதோடு பொருந்துகிற மற்ற பிளாக்குகளும் கிடைக்கின்றன. 2021 ஜனவரி முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அதைப் பார்த்து வாங்குங்கள். மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் சின்னத் துண்டுகளை எட்டாத இடத்தில் வையுங்கள்.

மொத்தமும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கும். அடுத்த டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தால் லாரியில் ஏற்ற வேண்டாம், பிள்ளையின் பையிலேயே போகும். புது ஊரில் வீடு பார்ப்பதற்கு முன்னால் அவள் தெருவில் போகிற வண்டியைப் பார்க்க ஆரம்பித்திருப்பாள். எனக்கு அது போதும்.

டிஸ்கி: எந்தப் பொம்மைக் கம்பெனியிலும் எனக்கு ஷேர் கிடையாது :-)