மோட்டார் ஏன் சூடானது? முதலில் அதைக் கேளுங்கள்

மாணவர்களே, கெடாவில் வெள்ளியும் சனியும் பள்ளி விடுமுறை. சுங்கை லாலாங்கில் பல வீடுகளில் வாரத்துச் சீருடையெல்லாம் அப்போதுதான் சலவை இயந்திரத்துக்குள் போகும். பாதியில் மோட்டார் சூடேறி நின்றுவிட்டால், "மோட்டார் போச்சு" என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

பல மோட்டார்களில் வெப்பக் காப்பு சுவிட்ச் ஒன்று உண்டு. சூடு எல்லை மீறினால் அது மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறியதும் மீண்டும் இணைக்கும். ஆறவிட்டு ஆறவிட்டு ஓட்டுவது தீர்வாகாது. சூட்டுக்குக் காரணம் அப்படியே இருக்கிறதே!

கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப உயரும் என்று ஜேம்ஸ் ஜூல் 1841இல் வெளியிட்டார். மின்னோட்டம் 3 மடங்கானால் வெப்பம் 9 மடங்கு! துணியை அளவுக்கு மீறித் திணித்தாலோ பேரிங் இறுகினாலோ மோட்டார் திணறி, கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றால், தொடக்க விசை தரும் மின்தேக்கி பழுதாகியிருக்கலாம்.

கையின் ஈரத்தைத் துடைத்துவிட்டு பிளக்கைக் கழற்றுங்கள். துணியை வெளியே எடுங்கள். மேலிருந்து துணி போடும் இயந்திரமானால், அடியிலுள்ள சுழல்தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். காசோ பொத்தானோ சிக்கியிருக்கலாம். பின்மூடியை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். அது பயிற்சி பெற்றவரின் வேலை.

அவரிடம் "மோட்டாரை மாற்றுங்கள்" என்று சொல்வதைவிட, "ஏன் சூடானது?" என்று கேளுங்கள். காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் புது மோட்டாரும் சூடாகத்தான் செய்யும்.