பொழுதுபோக்கு என்றால் இளக்காரமா?

"பொழுதுபோக்கை எல்லாம் மூட்டை கட்டி வை. படிக்கிற வழியைப் பார்!" இந்த வசனத்தைக் கேட்காத குட்டீஸ் யாராவது உண்டா? இன்று உங்கள் சார்பில் பெரியவர்களிடம் கொஞ்சம் வாதாடப் போகிறேன். எனக்குச் சாட்சி, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள ஹாம் ரேடியோக்காரர்கள்.

ஹாம் ரேடியோ என்றால் என்ன? அரசிடம் உரிமம் வாங்கி, சொந்த வயர்லெஸ் கருவியில் ஊர் ஊராக, நாடு நாடாகப் பேசி மகிழும் பொழுதுபோக்கு. சம்பளம் கிடையாது. வியாபாரத்துக்குப் பயன்படுத்தவும் கூடாது. டீச்சர், டிரைவர், தாத்தா, பள்ளி மாணவி என்று பலரும் இதில் இருக்கிறார்கள். "கையிலேயே செல்போன் இருக்கும்போது இது எதற்கு?" என்கிறீர்களா? கேட்க வேண்டிய கேள்விதான்.

கலிபோர்னியாவில் சோனோமா என்று ஒரு மாவட்டம். 2017 அக்டோபர் 8 இரவு, பக்கத்து மாவட்டத்தில் மூண்ட காட்டுத்தீ, பலத்த காற்றோடு சேர்ந்து விடிவதற்குள் இங்கே சான்டா ரோசா நகருக்குள் புகுந்துவிட்டது. தெருத் தெருவாக வீடுகள் எரிந்தன. 'டப்ஸ் தீ' என்று பெயர் பெற்ற அந்த ஒரு தீயில் மட்டும் 22 பேர் இறந்தனர். செல்போன் கோபுரங்களும் நெருப்பில் சிக்கியதால் பலருடைய போன்கள் ஊமையாகிவிட்டன.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019 அக்டோபரில் அதே சோனோமாவில் 'கின்கேட் தீ'. காற்றில் மின்கம்பிகளால் புதிதாகத் தீப்பிடித்துவிடக் கூடாதே என்று, பல மாவட்டங்களில் மின்சாரத்தையே நிறுத்தி வைத்திருந்தார்கள். அக்டோபர் 28 அன்று மாநிலம் முழுவதும் 874 செல்போன் நிலையங்கள் வேலை செய்யவில்லை. பெரும்பாலானவற்றைத் தீ தொடவே இல்லை. கரன்ட் இல்லை, அவ்வளவுதான்!

ஹாம் கருவிக்கு ஒரு கார் பேட்டரி போதும். மலை உச்சியில் 'ரிப்பீட்டர்' என்ற கருவியை வைத்திருப்பார்கள். பள்ளத்தாக்கிலிருந்து வரும் மெல்லிய குரலை வாங்கி, பலமாக்கித் திருப்பி அனுப்பும். அதுவும் எரிந்துவிட்டால், கருவிக்குக் கருவி நேராகப் பேசிக்கொள்வார்கள். தூரம் குறையும், பேச்சு நிற்காது.

இவர்கள் தீயை அணைக்கப் போவதில்லை. சினிமா சாகசம் எதுவும் கிடையாது. மக்கள் தஞ்சம் புகுந்த முகாமில் ஒரு மேஜை, நாற்காலி, நோட்டு, பேனா. "இங்கே இத்தனை பேர் இருக்கிறார்கள், இவ்வளவு போர்வை வேண்டும், ஒரு பாட்டிக்கு மருந்து வேண்டும்" என்று அதிகாரிகளுக்குச் சொல்வதுதான் வேலை. இதனால் தீயணைப்பு வீரர்களின் வயர்லெஸ், தீயைப் பற்றிப் பேச மட்டும் காலியாக இருக்கும்.

இதில் கஷ்டமான பகுதி எது தெரியுமா? பேசாமல் இருப்பது! ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் பேசினால் இருவர் சொல்வதும் குழம்பிவிடும். அதனால் வகுப்பு லீடர் போல ஒருவர் பொறுப்பேற்று, வரிசையாகக் கூப்பிடுவார். கூப்பிடும்வரை மற்றவர்கள் மணிக்கணக்கில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும். இந்தப் பழக்கம் தீப்பிடித்த அன்று திடீரென்று வந்துவிடுமா?

வராது. அது விளையாட்டாகவே வந்தது. அமெரிக்க ஹாம்கள் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஒரு வார இறுதியில், வெட்டவெளியில் கூடாரம் போட்டு, பேட்டரியிலும் ஜெனரேட்டரிலும் கருவியை ஓட்டி, யார் அதிகம் பேரைத் தொடர்புகொள்கிறார்கள் என்று போட்டி போடுவார்கள். 1933-லிருந்து நடக்கிறது இந்தக் கூத்து! பார்ப்பவர்களுக்கு வெட்டிவேலை போலத்தான் தெரியும்.

நம் நாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமானின் போர்ட் பிளேர் போனது, உலக ஹாம்களோடு பேசி மகிழத்தான். டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. அதே கருவிகள் அன்று முதல் அந்தமானிலிருந்து செய்திகளைச் சுமந்தன.

ஆகவே பெரியவர்களே, பிள்ளைகளின் பொழுதுபோக்கை மூட்டை கட்டும் முன், அதில் அவர்கள் என்ன பழகுகிறார்கள் என்று ஒரு நிமிடம் பாருங்கள். (செல்போனில் நாள் முழுக்க கேம்ஸ் ஆடுபவர்கள் இந்தக் கட்டுரையைக் காட்டித் தப்பிக்க முடியாது. ஆமாம்!)

நம் நாட்டில் 12 வயது நிறைந்தவர்கள் ஹாம் தேர்வு எழுதலாம். கொஞ்சம் மின்னணுவியல், கொஞ்சம் வானொலி விதிகள் படிக்க வேண்டும். உரிமம் கிடைக்கும்வரை நீங்களாகக் கருவியை இயக்கக் கூடாது. ஆனால் பெயர் சொல்லிப் பழக உரிமம் வேண்டாமே! இரைச்சலில் எழுத்து தவறாகக் கேட்காமல் இருக்க, ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அனு என்றால் 'ஆல்ஃபா, நவம்பர், யூனிஃபார்ம்'. ரவி என்றால் 'ரோமியோ, ஆல்ஃபா, விக்டர், இந்தியா'. உங்கள் பெயர் எப்படி வரும்?