கருவிக்கு முன் ஆசிரியர் பயிற்சி



பேச்சு வராத பிள்ளைகளுக்கான தொடர்பாடல் செயலிகள் தமிழிலும் வந்துவிட்டன. சென்னையில் உருவான 'ஆவாஸ்' ஓர் உதாரணம். ஆனால் அவற்றில் படத்தைத் தொட்டுப் பேசும் பிள்ளைக்குக் கற்பிக்க ஆசிரியர்களைப் பழக்கினோமா? 2016இல் இலங்கை ஏற்புறுதி செய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 24ஆவது உறுப்புரை அப்பயிற்சியை அரசின் கடமையாக்குகிறது. கருவி கிடைத்தால் பிள்ளை வாய்திறந்து பேச முயலாது என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. ஆனால் மில்லர், லைட், ஷ்லோசர் ஆகியோரின் 2006ஆம் ஆண்டு மீளாய்வில், மாற்றுத் தொடர்பாடல் முறைகளைப் பயன்படுத்தியோருள் நம்பகமான சான்றுள்ள 27 பேரில் ஒருவருக்கும் பேச்சுக் குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கூடியது. 'டெப்' வாங்கப் பணமில்லை என்பார்கள். தொடங்குவதற்கு அச்சிட்ட படப்பலகையே போதும். ஆசிரியரும் அதே படங்களைத் தொட்டுக்காட்டிப் பேச வேண்டும், பதில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். உண்மையில் கடினமானது இதுதான், ஒருநாள் செயலமர்வில் கைவராது. ஆகவே பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஒவ்வொரு ஆசிரியருக்கும் இதைச் செய்முறையோடு கூடிய கட்டாயப் பாடமாக்க வேண்டும்.

வாசகர்,
நாவலப்பிட்டி