பொறுக்கியெடுப்பது கல்வியன்று!

தமிழர் கண்முன் ஆண்டுதோறும் ஓர் ஏமாற்று அரங்கேறி வருகின்றது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த மறுநாளே, ஆத்தூர்த் தெருக்களில் மதிப்பெண் விளம்பரத் தட்டிகள் முளைத்துவிடுகின்றன. அவற்றைக் காணும் பெற்றோர், ஆங்கிலவழித் தனியார் பள்ளியே பள்ளி என்றும், அரசின் தமிழ்வழிப் பள்ளி வேறு போக்கற்றார் ஒதுங்கும் கொட்டகை என்றும் முடிவு கட்டுகின்றனர். இம்முடிவு பிழையானது. ஏன் பிழையானது என்பதையும், அப்பிழையால் யாருக்கு ஊதியம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தேர்ச்சி விழுக்காடு எதனைக் காட்டுகின்றது? ஒரு பள்ளி யாரைச் சேர்த்துக்கொண்டது என்பதையே அது முதற்கண் காட்டுகின்றது. எவ்வளவு கற்பித்தது என்பதை அன்று. ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல், பெத்தநாயக்கன்பாளையம் பக்கத்து அரசுப் பள்ளிகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள்? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, சேலம் மாவட்டத்தின் எழுத்தறிவோ 72.86 விழுக்காடு. ஏழு அகவைக்கு மேற்பட்டோரில் நால்வர்க்கு ஒருவர்க்கு மேல் எழுத்தறியாதவராய் இருந்த மாவட்டம் இது. குச்சிக்கிழங்கு பிடுங்கும் கூலியரும், சவ்வரிசி ஆலையில் ஈர மாவில் உழைக்கும் பெண்டிரும், கல்வராயன் மலையில் கருமந்துறைப் பக்கம் வானம் பார்த்து உழும் பழங்குடியினரும் பெற்ற பிள்ளைகளே அவர்கள். அம்மலைமக்களை அரசுப் பட்டியல் ‘மலையாளி’ என்று குறிக்கின்றது; அவர்கள் பேசுவதோ தமிழே. கையெழுத்துக்கு மாற்றாகப் பெருவிரல் பதித்தவரின் பேரன், இன்று பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டி வெளியேறுகின்றான். இதனை நிகழ்த்தியது யார்? அந்தக் ‘கொட்டகை’யும் அதன் ஆசிரியருமே அல்லரோ?

இனி, எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். ஆத்தூர்க்கு மேற்கே இராசிபுரம், நாமக்கல் பகுதிகளில் எழுந்த உறைவிடப் பள்ளிகளின் புகழ் தமிழ்நாடெங்கும் பரவியது. பத்தாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தல், பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் உருப்போடச் செய்தல்: இவையே அப்புகழின் கமுக்கம். மக்களே அப்பள்ளிகளைக் கறிக்கோழிப் பண்ணைகளோடு ஒப்பிட்டு எள்ளினர். இம்முறைகேட்டைத் தடுக்கவே, 2017இல் முதல் மூவிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு நிறுத்தியது. 2017-18 முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொணர்ந்தது. 2025இல் வெளியிட்ட மாநிலக் கல்விக்கொள்கையிலோ அத்தேர்வை நீக்கிவிட்டது. அடைத்த வாயில் மீண்டும் திறந்தது. 2017இல் ‘நீட்’ தேர்வு வந்தபின்னும் கடைகள் மூடப்படவில்லை. சரக்கு மட்டுமே மாறியது.

நல்ல நெல்லை ஒருவன் தூற்றி எடுத்துக்கொண்டு போகின்றான். எஞ்சியதை மற்றவன் விதைத்து விளைவிக்கின்றான். இருவர் களத்தையும் ஒரே மரக்காலால் அளந்து, “இவன் உழவன், அவன் சோம்பேறி” என்று தீர்ப்புரைப்பது நயன்மையா?

இவ்வநயத்தைத் தடுக்கவேண்டிய அரசே அதற்குத் துணைநிற்கின்றது. 1999இல் தமிழறிஞர் 102 பேர் சாகும்வரை உண்ணாநோன்பு பூண்ட பின்னர், ஐந்தாம் வகுப்பு வரை தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழியாதல் வேண்டும் என அரசு ஆணையிட்டது. 2000இல் சென்னை உயர்முறைமன்றம் அவ்வாணையை நீக்கியது. அதன்பின் வலுவான சட்டத்தோடு மீண்டெழுந்திருக்க வேண்டிய அரசு, 2013-14ஆம் கல்வியாண்டில் தன் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பரவலாகத் திறந்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டமோ, தனியார் பள்ளித் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்தோர்க்கு ஒதுக்கி, அதற்கான கட்டணத்தை அரசே தரவேண்டும் என்கின்றது. ஏழையின் பிள்ளையை அரசுப் பள்ளியினின்று பிரித்து, ஆங்கிலவழிப் பள்ளிக்குப் பொதுப்பணத்தால் வழியனுப்புவதன்றி இது வேறென்ன? 2020இல் மருத்துவக் கல்லூரியில் அரசுப் பள்ளி மாணாக்கர்க்குத் தந்த 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடும் பள்ளியைப் பார்க்கின்றதே ஒழியப் பயிற்றுமொழியைப் பார்ப்பதில்லை.

“ஆங்கிலவழியிற் படித்தால்தான் அறிவியல் வரும்” என்பார் உளர். 2008இல் நிலவுக்குச் சென்ற சந்திராயனின் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரையும், 2018 முதல் 2022 வரை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராயிருந்த சிவனும் அரசுப் பள்ளியில் தமிழ்வழியிற் கற்றவர்கள். வீட்டில் எழுத்தறிந்தார் ஒருவரும் இல்லாத பிள்ளைக்குத் தெரிந்த ஒரே துணை அதன் தாய்மொழி. அத்துணையையும் வாசலிலேயே பறித்துவிட்டு அயன்மொழியில் கணக்கைச் சொல்லிக்கொடுத்தால், பிள்ளை கணக்கையும் கல்லாது, அம்மொழியையும் கல்லாது.

ஆகவே நாம் கேட்பவை இவை. தேர்ச்சிப் பட்டியலை வெளியிடும் அரசு, ஒவ்வொரு பள்ளியிலும் முதல் தலைமுறையாகக் கற்போர் எத்தனை பேர், மலைவாழ் பிள்ளைகள் எத்தனை பேர், ஒன்பதாம் வகுப்பிற் சேர்ந்து இடையில் நின்றவர் எத்தனை பேர், சேரும்போது அவர்தம் மதிப்பெண் என்ன என்பவற்றையும் உடன் வெளியிடல் வேண்டும். தமிழ்வழியிற் கற்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் அளவை உயர்த்தல் வேண்டும். கல்விப் பணத்தைத் தனியார் பள்ளிக் கட்டணமாக இறைக்காமல், மலையூர்ப் பள்ளிகளின் ஆசிரியரிடங்களை நிரப்பச் செலவிடல் வேண்டும்.

இறுதியாக நம்மவர்க்கு ஒரு சொல். அரசைக் குறைகூறும் நம் வீட்டுப் பிள்ளைகள் எங்குப் படிக்கின்றனர்? எழுத்தறிந்த குடும்பம் ஒவ்வொன்றும் வெளியேறும்போது, அப்பள்ளிக்காகக் கேள்வி கேட்கும் வாயொன்று குறைகின்றது. கேட்பாரற்ற பள்ளியை மூடுவது எவர்க்கும் எளிது. வரும் கல்வியாண்டில் நம் பிள்ளைகளை நம்மூர்த் தமிழ்வழிப் பள்ளியிற் சேர்ப்போம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம்பெற்று அதன் குறைகளை நாமே தட்டிக்கேட்போம். அப்பள்ளியின் வருகைப் பதிவேட்டில் நம் பிள்ளைகளின் பெயர் ஏறாதவரை, மேடையில் நாம் முழங்கும் தமிழ் வெறுங்காற்றே!