ஒரு கமா செய்த கலகம்

கட்டபெட்டு என்று ஓர் ஊர், குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற வழியில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருக்கிறது. கல்லூரி விடுதியில் என்னோடு மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்த சிநேகிதி அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பக்கத்தில் ஒரு சிறு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு வழக்கெல்லாம் அவள் பொறுப்பு. "நாலு நாள் குளிரில் சும்மா உட்கார்ந்திருக்கலாம், வாடி!" என்று டெலிபோனில் ஆசை காட்டினாள். போய் இறங்கினால், அவள் முகத்தில் ஈயாடவில்லை.

விஷயம் இதுதான். ஜெர்மனி வியாபாரி ஒருவர் தேயிலை வாங்க முன்வந்திருந்தார். கிலோவுக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் பூச்சிமருந்து மிச்சம் இருக்கக் கூடாது என்பது அவர் நிபந்தனை. எந்தப் பக்கத்து இலையில் செய்த தூள் என்று பிரித்து மாதிரிகள் அனுப்பினார்கள். அந்த ஊர்ப் பரிசோதனைக்கூடத்திலிருந்து முடிவும் வந்துவிட்டது.

"ஓடைப் பக்கத்துத் தூளில் 12 மில்லிகிராமாம்! பார்த்தாயா அநியாயத்தை?" என்றாள்.

ஓடைப் பக்கம் என்றால் நாலைந்து சிறு தோட்டங்கள். அதில் அரை ஏக்கர் ஒரு பாட்டிக்குச் சொந்தம். பசுந்தேயிலை விற்று வருகிற பணத்தில்தான் பேத்தியைப் படிக்க வைக்கிறாள். "இனி அந்தப் பக்கத்து இலையை எடுக்க வேண்டாம்" என்று முதலாளி சொல்லிவிட்டார். பாட்டியோ, "நான் மருந்தே அடிக்கவில்லையே, அம்மா" என்று அழுதாளாம்.

எனக்குப் பூச்சிமருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. சும்மா அவள் தோளுக்கு மேலே எட்டிக் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். எடை என்ற கட்டத்தில் 840, 615 என்றெல்லாம் போட்டு, ஓடைப் பக்கத்துக்கு மட்டும் 1.25 கிலோ என்று இருந்தது.

"ஏண்டி, ஒன்றே கால் கிலோ டீயை விற்கவா ஜெர்மனி வரைக்கும் போனீர்கள்?" என்றேன்.

"அது 1250 கிலோ. ஏதோ தப்பாக விழுந்திருக்கிறது" என்றவள், சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வந்த மூலக் கோப்பை அப்படியே நோட்பேடில் திறந்தோம். எடை "1.250". மருந்து "0,012". ஜெர்மனியில் நாம் புள்ளி வைக்கிற இடத்தில் கமா வைப்பார்கள். நாம் ஆயிரத்துக்குக் கமா வைக்கிற இடத்தில் அவர்கள் புள்ளி வைப்பார்கள். நம் ஊர் வழக்கப்படி அமைத்த எக்ஸெல், கமாவை ஆயிரத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டு, 0,012-ஐப் பன்னிரண்டாக்கிவிட்டது. மற்ற மாதிரிகளில் "0,02", "0,03" என்று இருந்ததை எண்ணாகவே மதிக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. ஆகவே சராசரி போட்டபோது அவை கணக்கிலேயே சேரவில்லை. உண்மையில் எல்லாவற்றிலும் சுத்தமானது பாட்டி பக்கத்துத் தூள்தான்!

இந்தக் குழப்பம் ஜெர்மனியோடு நிற்பதில்லை. பிரான்ஸ், இத்தாலி, ரஷ்யா எல்லாம் கமாக் கட்சி. நாமும் இங்கிலாந்தும் அமெரிக்காவும் புள்ளிக் கட்சி. 2003-ஆம் வருஷம் எடை அளவுகளுக்கான சர்வதேச மாநாடு கூடி, இரண்டுமே சரி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆயிரங்களைப் பிரிக்க மட்டும் இரண்டுமே வேண்டாம், இடைவெளி விடுங்கள் என்றது. மாமியாருக்கும் மருமகளுக்கும் மனம் நோகாத தீர்ப்பு. கம்ப்யூட்டருக்குத்தான் சங்கடம்.

என் பாட்டியின் பழைய கணக்கு நோட்டில் "ரூ. 1-8-0" என்று இருக்கும். ரூபாய்க்குப் பதினாறு அணா என்று தெரிந்தவர்களுக்கு அது ஒன்றரை ரூபாய். 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்த பிறகு பிறந்தவர்கள் அதை ஒரு ரூபாய் எண்பது பைசா என்று படிப்பார்கள். நானே அப்படிப் படித்துத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

சரி, செய்ய வேண்டியது என்ன? வெளிநாட்டிலிருந்து வந்த கோப்பை முதலில் நோட்பேடில் பாருங்கள். கட்டங்களுக்கு நடுவே அரைப்புள்ளி இருந்தால் பெரும்பாலும் கமாக் கட்சி. கமாவை எண்ணுக்குள் செலவழித்துவிட்டதால், பிரிக்க அரைப்புள்ளியை வைத்திருக்கிறார்கள். என் சிநேகிதி அரைப்புள்ளியைச் சரியாகச் சொல்லித்தான் இறக்கினாள். தசமக் குறி எது என்று சொல்ல விட்டுவிட்டாள். எக்ஸெலில் இறக்கும்போது 'அட்வான்ஸ்டு' என்ற பொத்தானுக்குள் அதைச் சொல்ல இடம் இருக்கிறது. புள்ளிவிவரக்காரர்கள் உபயோகிக்கும் 'ஆர்' என்ற மென்பொருளில், இதற்கென்றே 'ரீட் சி.எஸ்.வி. 2' என்று தனிக் கட்டளை உண்டு. அது அரைப்புள்ளியையும் தசமக் கமாவையும் தானே புரிந்துகொள்ளும். ஆனால் ஆயிரத்துப் புள்ளியை அது அறியாது; முதலில் அந்தப் புள்ளிகளை எடுத்துவிட வேண்டும்.

கோப்பைத் திறந்த பிறகு கமாவையெல்லாம் புள்ளியாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். பன்னிரண்டான பிறகு அங்கே மாற்றக் கமா ஏது? கட்டத்தின் மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இடது ஓரம் ஒட்டிக்கொண்டு எண் நின்றால், அது எண்ணே இல்லை, எழுத்து வேஷம் போட்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

சாயங்காலம் முதலாளிக்குப் புதுக் கணக்கு போயிற்று. இருட்டுவதற்குள் நாங்கள் இருவரும் ஓடைப் பக்கம் இறங்கிப் போனோம். சிநேகிதி கமாவையும் புள்ளியையும் பற்றிக் கால் மணி நேரம் விளக்கினாள். பாட்டி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது கிடக்கட்டும். நாளைக்கு இலை எடுக்க வண்டி எத்தனை மணிக்கு வரும்?" என்றாள்.