ஊர்ப்பெயரைப் பேனலில் திருத்தாதீர்கள்

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவானது. அடுத்த இரவே சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. அப்படியொரு இரவில் டேஷ்போர்டு முன் உட்கார்ந்திருப்பவர் முதலில் தேடுவது ஊர்ப்பெயரைத்தான். எண்ணைப் பார்ப்பது அதற்குப் பிறகு.

அந்தப் பெயரை நம்மில் பலரும் கிராஃபானா பேனலிலேயே திருத்திக்கொள்கிறோம். சென்சாரிலிருந்து நீளமான ஃபீல்டு பெயர் வருகிறது. ஒரு ரீஜெக்ஸ், ஓர் அடைப்புக்குறி, மாற்றுப் பெயரில் $1, வேலை முடிந்துவிடுகிறது. முன்னொட்டை வெட்ட இது போதும். ஆனால் எந்த மழைமானி எந்த ஊருடையது என்பதை ரீஜெக்ஸ் முடிவு செய்வது ஆபத்து என்பது எங்கள் உறுதியான கருத்து.

விழுப்புரத்தை ஒட்டிய திருவாமாத்தூரை எடுத்துக்கொள்வோம். பம்பையாற்றங்கரையில் அபிராமேசுவரர் கோயில் கொண்ட பாடல் பெற்ற தலம். அங்கே ஒரு மழைமானி இருப்பதாகவும், அதன் பெயர் தமிழிலேயே பதிவாவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு அது 7 எழுத்து. யூனிகோடில் 14 குறியீடுகள். உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி. ரீஜெக்ஸின் ஒற்றைப் புள்ளி எழுத்தைப் பிடிப்பதில்லை, குறியீட்டைத்தான் பிடிக்கிறது. அதனால் ‘திருவ.*’ என்று எழுதினால் திருவக்கரையோடு திருவாமாத்தூரும் திருவெண்ணெய்நல்லூரும் சேர்ந்தே சிக்கும். ‘வா’விலும் ‘வெ’யிலும் முதலில் நிற்பது ‘வ’தானே. பக்கத்து மாவட்டத்துத் தரவும் வந்தால் திருவண்ணாமலையும் அதே வலையில் விழும். நான்கு ஊர்களின் கோடுகளும் திரையில் ஒரே பெயரில் ஓடும்.

கோலியனூரில் சிக்கல் வேறு விதம். ‘கோ’வை ‘க’ மற்றும் ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம். ‘க’, இரட்டைக் கொம்பு, துணைக்கால் என்று பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ரீஜெக்ஸுக்கு அவை வேறு வேறு. தரவு உள்ளே வரும்போதே யூனிகோடு சீராக்கம் செய்யாவிட்டால், சரியாக எழுதிய பேட்டர்னும் பொருந்தாமல் போகும். எந்த எச்சரிக்கையும் வராது. பெயர் மாறாமல் இருக்கும், அவ்வளவுதான்.

ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டால் தப்பிக்கலாமா? விழுப்புரத்துக்கு ‘எல்’ ஒன்றா இரண்டா, ‘பி’ ஒன்றா இரண்டா என்பதில் அலுவலகத்துக்கு அலுவலகம் வேறுபாடு உண்டு. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கோவையை மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. ஊர்ப்பெயரையே சாவியாக வைத்திருக்கும் எந்த அமைப்பும் அப்படியோர் ஆணையில் இரண்டு முறை உடையும். மாவட்டமும் நிலையானதல்ல. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திருக்கோவிலூர் விழுப்புரத்தை விட்டுப் போனது. ஃபீல்டு பெயருக்குள் மாவட்டத்தைப் பொதித்திருந்தால், அன்றிலிருந்து அந்த லேபிள் சொல்வது பொய்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பேனலில் செய்யும் உருமாற்றம் கிராஃபானாவின் அலர்ட் விதிகளுக்குப் போய்ச் சேராது. அலர்ட் மூலக் குவெரியின் முடிவைத்தான் பார்க்கிறது. திரையில் ‘திருவாமாத்தூர்’ என்று அழகாக இருக்கும். நள்ளிரவில் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும் குறுஞ்செய்தியில் பழைய சென்சார் குறியீடே இருக்கும். அதை வாசித்து எந்த ஊருக்கு வண்டி அனுப்புவது?

தரவைச் சேகரிக்கும் புரோமீதியஸிலேயே லேபிளை மாற்றுபவர்கள் ஓரளவு பாதுகாப்பாக இருக்கிறார்கள். அங்கே பேட்டர்ன் முழுப் பெயருக்கும் பொருந்தியாக வேண்டும். மாற்றம் சேமிப்புக்கு முன்பே நடப்பதால் அலர்ட்டும் அதே பெயரைப் பேசும். இரண்டு வரிசைகள் ஒரே லேபிளுக்குச் சுருங்கினால் மட்டும் மாதிரிகள் கைவிடப்படும், பதிவேட்டில் எச்சரிக்கையோடு. ஆனால் புரோமீதியஸின் ரீஜெக்ஸ் ஆர்.இ.2 வகை, கிராஃபானா உருமாற்றத்தின் ரீஜெக்ஸ் ஜாவாஸ்கிரிப்ட் வகை. முன்நோக்கிப் பார்க்கும் பேட்டர்ன் பின்னதில் ஓடும், முன்னதில் ஓடாது. சொல் எழுத்துக்கான சுருக்கக்குறியோ இரண்டிலுமே தமிழைக் கண்டுகொள்ளாது.

நாங்கள் பரிந்துரைக்கும் வழி எளியது. ஒவ்வொரு மழைமானிக்கும் ஊரும் மாவட்டமும் கலக்காத ஓர் எண் கொடுங்கள். அந்த எண்ணுக்கு எதிரே தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், வட்டம், மாவட்டம், எந்தத் தேதியிலிருந்து என்று ஒரே அட்டவணை வையுங்கள். தரவு உள்ளே வரும் வாசலில் அந்த அட்டவணையைப் பார்த்துப் பெயரைச் சேர்த்துவிடுங்கள். தமிழகத்தில் 1,400 தானியங்கி மழைமானிகள் அமைக்கும் அரசுத் திட்டத்தின் அளவை நினைத்தால், பேனலுக்குப் பேனல் பேட்டர்ன் எழுதிச் சமாளிக்கலாம் என்ற எண்ணமே எழக்கூடாது. ரீஜெக்ஸ் தவிர்க்க முடியாத இடங்களில் தொடக்கத்தில் ^, முடிவில் $ போடுங்கள். பொருந்த வேண்டிய பெயர்களோடு பொருந்தவே கூடாத பெயர்களையும் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் ஒரு சோதனை அலர்ட்டைக் கிளப்பி, கைப்பேசிக்கு வரும் ஊர்ப்பெயரும் திரையில் உள்ள ஊர்ப்பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள்.